நாணலக்காவும் சந்தைக்குப் பின்னாலிருந்த சதுப்பும்

நாணலக்கா என்கிற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லப் பாதி நேரம் அவளுக்கே வாய் வராது. அவளுக்குத் திக்குவாய்.

சின்ன வயதில் எல்லாரும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். அது போகப்போக அவளோடு சேர்ந்தே வளர்ந்தது. ககரமும் பகரமும் அவளுக்குப் பூட்டிய கதவு. சில நாள் தட்டினால் திறக்கும், சில நாள் எவ்வளவு முட்டினாலும் திறக்காது. வகுப்பில் ஒரு வருஷம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் இவளுக்கும் சேர்த்து 'உள்ளேன்' சொன்னாள். அவள் காய்ச்சலில் படுத்த நாளில் இரண்டு பேருமே வரவில்லை என்று வாத்தியார் எழுதிவிட்டார். இவள் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படிப்பு முடிந்ததும், பேச வேண்டாத வேலையாகத் தேடினாள். மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தின் நாற்றுப்பண்ணையில் இடம் கிடைத்தது. ஓடைக்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுவதற்கான நாற்றுகளை வளர்க்கும் வேலை. விதை ஊறவைப்பது, பையில் மண் நிரப்புவது, நாணலையும் கோரையையும் வேரோடு பிரித்துத் தொட்டியில் ஊன்றுவது. செடிகள் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நிம்மதியில் வருஷங்கள் ஓடின.

வாழ்க்கைப்பட்டதோ ஒரு வாயாடிக்கு. சந்தைத் தெருவில் டயர் கடை வைத்திருந்த அவள் கணவன், லாரிக்காரர்களோடு பேசிப்பேசியே நாளை ஓட்டுகிறவன். "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன், நீ கவலைப்படாத" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அவள் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டால் அதை அவன் முடித்துவைக்க மாட்டான். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்ப்பானே, அதே பொறுமையோடு காத்திருப்பான். அவள் அவனோடு நிலைத்ததற்கு அது ஒன்றே போதும் என்று அவளே பின்னாளில் சொல்லியிருக்கிறாள்.

சந்தைத் தெருவின் பின்னால்தான் அந்தச் சதுப்பு இருந்தது. ஊருக்கு அது குப்பை போடுகிற பள்ளம். அலுவலகம் அதைச் சீர்செய்ய எடுத்துக்கொண்டபோது, கரையில் முதல் நாணல் வரிசையை நட்டவள் அவள்தான். முழங்கால் சேற்றில் நின்று பிளாஸ்டிக் பைகளை இழுத்துப் போட்டாள். நட்டதில் பாதியை ஆடு மேய்ந்தது, மீதியில் பாதியை வெயில் தின்றது. திரும்ப நட்டாள். நீர்க்கோழி ஒன்று அந்த நாணலுக்குள் கூடு வைத்த வருஷம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணவனுக்கு மட்டும் ஒரு கையால் கூட்டின் அளவைக் காட்டினாள்.

அலுவலகத்தில் பள்ளிகளுக்குப் போய் இயற்கையைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு இளைஞன் இருந்தான். கேட்பவர் வாய் பிளக்கும்படி பேசுவான். வகுப்பறைச் சுவரில் படம் காட்டுவான், பிள்ளைகள் கை தட்டுவார்கள், மணி அடித்ததும் மறந்துபோவார்கள். அவனுக்கு நகரத்தில் பெரிய வேலை கிடைத்து ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டான். புதிதாக ஆளெடுக்க மேலிடம் அனுமதி கொடுக்கவில்லை. பள்ளிக்கூட நிகழ்ச்சி ஒரு வருஷம் நின்றால் அதோடு மூடிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதிகாரி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஜீப்பை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்.

"ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க ஸ்கூலுக்குப் போயிட்டு வாங்கம்மா. வேற யாரையும் அனுப்ப முடியல."

"சார், எனக்கு... ப... ப... பேச்சு வராது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் கேக்கறேன். முடியலன்னா சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து சாயங்காலம் முழுக்க யோசித்தாள். முடியாது என்று சொல்வது சுலபம். அந்தச் சொல் அவளுக்குத் திக்காமல் வரும். வாழ்நாள் முழுக்கத் திக்காமல் வரும் சொல்லாகத் தேடித்தேடிச் சொல்லியே, தான் நினைத்தது ஒன்றும் சொன்னது ஒன்றுமாகப் போய்விட்டதே என்று அன்று அவளுக்குப் பட்டது. காலையில் போய்ச் சரி என்றாள்.

ஆறாம் வகுப்பில் படித்த மகளுக்கு விஷயம் தெரிந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "எல்லா ஸ்கூலுக்கும் போம்மா. எங்க கிளாசுக்கு மட்டும் வராத."

அவளுக்குக் கோபம் வரவில்லை. மகள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. ஆனால் எந்தப் பள்ளி எப்போது என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. முதல் பள்ளியே மகளுடையது, முதல் வகுப்பே ஆறாம் வகுப்பு.

அந்த நாள் வந்து வகுப்பின் முன்னால் நின்றாள். வணக்கம் வந்தது. "இன்னைக்கு நாம" வரை வந்தது. அடுத்த சொல் பறவை. அந்தப் பகரத்தில் உதடு ஒட்டிக்கொண்டது, திறக்கவேயில்லை. பின் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். சிரிப்பு தொற்றிக்கொண்டு வகுப்பு முழுக்கப் போனது. மகள் மேசையில் இருந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எப்போதும் செய்கிற வேலையைச் செய்தாள். சொல்ல வராத சொல்லைச் சுற்றிக்கொண்டு போனாள். "ரெண்டு இறக்கை இருக்கும். ஆனா இது அதிகமா மேல போகாது. வெரல் ரொம்ப நீளம். தாமரை இலை மேல நடந்து போகும், இலை முழுகாது. தலைய முன்னால முன்னால ஆட்டும்." சொல்லிக்கொண்டே தலையை ஆட்டிக் காட்டினாள். சிரிப்பு நின்றது. "கோழி மாதிரியா?" என்று ஒரு பெண் கேட்டாள். "அதேதான். ஆனா த... தண்ணியில." "நீர்க்கோழி" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள். பெயரைத் தாங்களே கண்டுபிடித்த பெருமை அவர்கள் முகத்தில். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டார்கள். ஒரு மணி நேரமும் அவள் ஒரு பெயரையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள்.

மறுவாரத்திலிருந்து அவள் வகுப்பறையை விட்டாள். பிள்ளைகளைச் சதுப்புக்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளுக்கு இன்னும் வசதி. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் கையை நீட்டுவாள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கை போகும் திசையைப் பார்ப்பார்கள். அங்கே மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும், இல்லை தட்டான் ஒன்று கோரை நுனியில் ஆடிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில்தான் எல்லாம் கண்ணில் படும் என்பது அவர்களுக்குப் பழகிப்போனது. முதல் நாள் நாணலைக் காட்டி, "நா... நா... நாணல்" என்று அவள் இழுத்ததை யாரோ விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். நாணலக்கா என்று பெயர் ஒட்டியது. முதலில் கேலியாக இருந்த பெயர், பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும் பெயராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் அப்பாவை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். குப்பை கொட்ட வந்த ஒரு கடைக்காரரை அவருடைய சொந்த மகளே வழிமறித்துத் திருப்பி அனுப்பினாள். புது ஆளெடுக்கும் பேச்சை அதிகாரி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நடக்கப் பலகைப் பாதை வேண்டும் என்றானபோது கணவன் உற்சாகமாக வந்தான். "நம்ம கடையில பழைய டயர் மலை மாதிரி கெடக்கு. வரிசையா போட்டா ஜோரா நடக்கலாம்."

"வேண்டாங்க. டயர் ஊறினா தண்ணி கெட்டுப்போகும்."

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவ என் டயருக்கு மரியாத கிடைக்கும்னு பாத்தேன்" என்றான். பிறகு இடித்த கிடங்கு ஒன்றிலிருந்து மரப்பலகைகளை அவனே பேரம் பேசி வாங்கிவந்தான்.

இப்படி இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவது மழை தொடங்கும் முன்னால்தான் அந்தச் செய்தி வந்தது. சதுப்பு முழுவதிலும் மண் கொட்டி மேடாக்கி, சந்தைக்கு லாரிகள் வந்து சரக்கு இறக்கும் தளம் கட்டப்போகிறது ஊர் மன்றம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்.

கணவனுக்கு மூத்தவள். சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம். மன்ற உறுப்பினராக இரண்டாவது முறை ஜெயித்தவள். அவள் குரல் தெருமுனையில் கேட்டால் டயர் கடைக்காரன் தானாக எழுந்து நிற்பான். அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தாம்மா, மத்தவங்க சொல்லி நீ கேக்கறதவிட நானே சொல்லிடறேன். அந்தப் பள்ளத்த மூடறோம். உனக்கு வருத்தமாத்தான் இருக்கும். ஊருக்கு வேணும்."

"அண்ணி, அது ப... பள்ளமில்ல."

"நீ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதெல்லாம் நல்லதுதான். நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா கொக்கு வேற எடத்துக்குப் பறந்து போகும். சந்தை பறந்து போகாது."

டயர் கடைக்காரன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, டீ போடுகிறேன் என்று உள்ளே நழுவினான். வெகு நேரம் டீ வரவில்லை.

அதிகாரி மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார், ஆனால் நிலம் ஊர் மன்றத்துடையது, தன்னால் தடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மன்றக் கூட்டத்தில் ஊர்க்காரர் யாரும் எழுந்து பேசலாம் என்று ஒரு வழி இருந்தது. "நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "நீங்க வெ... வெளியூர். நான் போறேன் சார்."

கூட்டம் நடந்த கூடத்தில் மின்விசிறிகள் கிரீச்சிட்டன. ஒலிபெருக்கி நடுநடுவே சீட்டியடித்தது. மன்றத் தலைவர் மருந்துக் கடைக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பின் வரிசையில் மண் கொட்டும் வேலையை எடுக்கப்போகும் காண்ட்ராக்டர் தன் ஆட்களோடு இருந்தார்.

அவளைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றாள். சொல்ல வந்தது கொஞ்சம்தான். அதன் முதல் எழுத்தே பகரம். கதவு பூட்டிக்கொண்டது. "ப..." என்றாள். திரும்பவும் "ப..." என்றாள். ஒலிபெருக்கி அந்த ஒற்றை எழுத்தைக் கூடம் முழுக்கப் பெரிதாக்கிப் பரப்பியது.

"பணமா? பாலமா?" என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் வரிசையில் கணவன் முழங்காலில் கையை அழுத்தி உட்கார்ந்திருந்தான். எழவில்லை, உதவவுமில்லை. அவளுக்கு அது தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மாற்றிச் சொல்ல அவளிடம் நூறு சொற்கள் இருந்தன. "வந்து" என்று தொடங்கியிருந்தால் அந்த நிமிஷமே வாய் திறந்திருக்கும். அவள் மாற்றவில்லை. இன்றைக்கு இதைத்தான் சொல்வேன் என்று நின்றாள். காது மடல் எரிந்தது.

"அவங்க பேசி முடிக்கட்டும்." மேடையிலிருந்து வந்த குரல் நாத்தனாருடையது. சந்தையில் கூட்டத்தை அடக்குகிற அதே குரல். "சிரிக்கறவங்க வெளிய போய்ச் சிரிச்சுட்டு வாங்க."

கூடம் அடங்கியது. அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"பா... பார்க்காம முடிவு ப... பண்ணாதீங்க" என்றாள். "எல்லாரும் ஒரு தடவ வந்து நில்லுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தாள். மருந்துக் கடைக்காரர் உறுப்பினர்களைப் பார்த்தார். அந்தக் கூச்சத்திலிருந்து தப்பிக்க அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றம் இடத்தை நேரில் பார்க்கும், அதுவரை தீர்மானம் ஒத்திவைக்கப்படும் என்று அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். ஒருவர் குடையோடு கரையிலேயே நின்றுவிட்டார். மருந்துக் கடைக்காரர், நாத்தனார், காண்ட்ராக்டர், இன்னும் ஓரிருவர் பலகைப் பாதையில் இறங்கினார்கள். நாணலக்காவின் மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த இடங்களில் ஆளுக்கொரு பக்கம் நின்று, வருகிறவர்களுக்குக் கூட்டையும் நத்தை முட்டையையும் காட்டினார்கள். கூப்பிடாமலே வந்திருந்த மகள் அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள்.

சந்தைத் தெருச் சாக்கடை சதுப்பில் வந்து விழும் இடத்தில் நாணலக்கா நின்றாள். மழைக்குத் தெரு கழுவிய தண்ணீர் பழுப்பாக இரைந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் அதை மொண்டு மருந்துக் கடைக்காரர் கையில் கொடுத்தாள். பிறகு எல்லாரையும் நாணலுக்குள் வளைந்து வளைந்து நடத்தி, தண்ணீர் ஓடைக்கு வெளியேறும் மறுமுனைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெளியேறும் தண்ணீரை இன்னொரு குவளையில் மொண்டாள். அதற்குள் விட்ட விரல் தெளிவாகத் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் இரண்டு குவளைகளையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அவர் தொழிலில் அது பழக்கமான பார்வை.

"க... க..." காண்ட்ராக்டரைப் பார்த்து எதையோ கேட்க வந்தாள். நின்றுவிட்டது. மருந்துக் கடைக்காரர் பொறுமை இழந்து மகள் பக்கம் திரும்பினார். "அம்மா என்ன கேக்க வர்றாங்க பாப்பா?"

"அவங்களே கேப்பாங்க. கொஞ்சம் இருங்க" என்றாள் மகள்.

இருந்தார்கள்.

"கனமா மழை பெஞ்சா இவ்வளவு தண்ணியும் இங்கதான் நிக்குது. மண்ண கொ... கொட்டிட்டா எங்க போகும்?"

"பெரிய குழாய் பதிச்சுடலாம்மா" என்றார் காண்ட்ராக்டர்.

"எந்தப் பக்கமா?"

அவர் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் அந்தச் சின்ன வாய் தவிர ஓடைக்கரை முழுக்க மேடாக இருந்தது. சதுப்பை மேடாக்கினால் தண்ணீர் திரும்பச் சந்தைத் தெருப் பக்கம்தான் போக வேண்டும். "அதக் கொஞ்சம் பாக்கணும்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் சந்தைத் தெருவிலிருந்த தன் கடையின் தரை எவ்வளவு தாழ்வு என்று மனசுக்குள் அளப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

திரும்பும்போது நாத்தனார் பலகை ஓரத்தில் கால் வைத்துச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டாள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாணலக்கா குப்புறப் படுத்து, அவள் இடுப்பைக் கட்டி இழுத்தாள். ஆள் வந்தாள், செருப்பு வரவில்லை. இரண்டு பேரும் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"புதுச் செருப்பு" என்றாள் நாத்தனார்.

"நத்தைக்கு வீடாச்சு அண்ணி."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "நீ காட்டினதெல்லாம் பாத்தேன். பொய்யின்னு சொல்லல. ஆனா நான் காட்டறத நீ பாத்திருக்கியா? போன மாசம் லாரி பின்னால வந்து ஒரு பொண்ணு காலு நசுங்கிப் போச்சு. கூடை தூக்கற பொம்பளைங்க வெயில்ல நிக்கறாங்க, மழையில நிக்கறாங்க. உன் நாரைக்கு நிழல் இருக்கு. என் ஆளுங்களுக்கு இல்ல."

நாணலக்கா தண்ணீர் மொண்டு ஊற்றி நாத்தனாரின் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டாள்.

அந்த வாரம் அவள் தினமும் விடிகாலையில் சந்தைக்குப் போனாள். ஓரமாக நின்று பார்த்தாள். லாரிகள் குறுகிய தெருவில் பின்பக்கமாக நுழைந்து, ஒன்றையொன்று முட்டாமல் ஒதுங்க இடமில்லாமல் உறுமின. பெண்கள் தலையில் கூடையோடு சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து புகுந்து போனார்கள். நாத்தனார் நடுத்தெருவில் நின்று கையை உயர்த்தி லாரியை நிறுத்திவிட்டு, அவர்களைக் கடக்கவைத்தாள். கால் நசுங்கிய பெண்ணின் அம்மா நாணலக்காவிடம் தன் கூடையை இறக்கிவைக்க உதவி கேட்டாள். இறக்கிவைத்தாள். கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. நாள் முழுவதும் இந்தப் பாரமா என்று நினைத்தாள்.

சதுப்பின் கிழக்கு மூலை சந்தையை ஒட்டியிருந்தது. ஒரு காலத்தில் செங்கல் உடைசல் கொட்டிய இடம். அடியில் கெட்டித் தரை. அதில் தண்ணீர் அதிகம் தேங்காது. லாரிகள் திரும்பவும் கூரை போட்டுச் சரக்கு இறக்கவும் அது போதும். ஆனால் அந்த மூலையில்தான் உடைசலுக்கு நடுவே சின்னக் குட்டை ஒன்று இருந்தது. ஆழமில்லாததால் சின்னப் பிள்ளைகளை இறக்கிவிடப் பயமில்லாத ஒரே இடம். ஒவ்வொரு வகுப்பும் முதன்முதலில் தலைப்பிரட்டையைக் கையில் ஏந்திப் பார்ப்பது அங்கேதான். அவள் அந்தக் குட்டையின் ஓரம் உட்கார்ந்து வெகு நேரம் தண்ணீரைப் பார்த்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி நம்பவில்லை. "இவ்வளவு பிடிவாதமா நின்னுட்டு, நீங்களே ஒரு மூலைய விட்டுக்குடுக்கறேங்கறீங்களே. நாளைக்கு இன்னொரு மூலையக் கேப்பாங்க."

"கேட்டா அப்பவும் நிப்பேன் சார். ஆனா அவங்களுக்கு உண்மையாவே இடம் வேணும். நான் ப... பார்த்தேன். இத நாம குடுக்கலன்னா எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க. எடுத்துக்கறது நியாயம்னும் ஊரு சொல்லும்."

அவர் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி. நானும் வந்து பக்கத்துல நிக்கறேன். பேசறது நீங்க" என்றார்.

நாத்தனாரிடம் அவளே போய்ச் சொன்னாள், கடையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில். நாத்தனார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இடம் பத்தாது என்றாள். மூலைக்கு நடந்து போய்க் காலால் அளந்தாள். லாரி ஓட்டும் ஒருவரை அழைத்து, திரும்புமா என்று கேட்டாள். ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர். தன் லாரியைக் கொண்டுவந்து உடைசல் மேல் ஏற்றித் திருப்பியும் காட்டினார். திரும்பியது.

மன்றத்தில் தீர்மானம் திருத்தப்பட்டது. மூலை மட்டும் தளமாகும், மற்றது சதுப்பாகவே இருக்கும், அதில் யாரும் மண் கொட்டக் கூடாது. எல்லாரும் கை தூக்கவில்லை. காண்ட்ராக்டருக்கு வேலை சுருங்கிப்போனதில் எரிச்சல். கரையில் குடையோடு நின்றவர் எதிராகத்தான் வாக்களித்தார். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. நாணலக்காவுக்கு வெற்றி என்று தோன்றவில்லை. செய்ய வேண்டிய அடுத்த வேலை கண்முன் வந்து நின்றது. மண் லாரி வரும் முன்னால் குட்டையைக் காலி செய்ய வேண்டும்.

பள்ளிகளுக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு பள்ளி, சேற்றில் பிள்ளைகளை இறக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டது. மற்றவை வந்தன. பிள்ளைகள் வலையாலும் கிண்ணத்தாலும் தலைப்பிரட்டைகளை மொண்டு வாளியில் விட்டார்கள். நாணல் தூர்களை வேரறுக்காமல் கிளப்புவது கடினம். மண்வெட்டியைச் சாய்த்துப் போட்டு, வேர் மண்ணோடு பெரிய கட்டியாக எடுக்க வேண்டும். அவளும் நாற்றுப்பண்ணை ஆட்களும் தோண்டத் தோண்ட, சுமக்க ஆளில்லாமல் கட்டிகள் குவிந்தன. வெயில் ஏறினால் வேர் காய்ந்துவிடும்.

அப்போதுதான் சந்தைப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். காலைச் சரக்கை இறக்கி முடித்த கையோடு, வெறுங்கூடைகளைத் தூக்கிக்கொண்டு. முன்னால் நாத்தனார், வெறுங்காலோடு.

"செருப்பு போட்டா திரும்பவும் போயிடும்" என்றாள். "சொல்லு, எத எங்க கொண்டுபோய் வெக்கணும்?"

"அந்த வ... வளைவுல அண்ணி. வேர் நனைஞ்சே இருக்கணும்."

பாரம் தூக்கிப் பழகிய தலைகள் அவை. ஒருத்தி பின் ஒருத்தியாகப் பலகைப் பாதையில் நாணல் கட்டிகளோடு நடந்தார்கள். ஒரு கூடைக்குள்ளிருந்து ஆமை ஒன்று தலையை நீட்டியதும், தூக்கிவந்தவள் கூடையை மெல்ல இறக்கிவைத்து, "இது என்ன, இலவசச் சரக்கா?" என்று கேட்டாள். பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு அதன் வாழ்க்கை வரலாற்றையே அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். டயர் கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தபடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். மகள் குட்டையின் அடியில் முழங்கையை விட்டு நத்தைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. மாற்றி நட்ட நாணலில் ஒரு பகுதி பின்னால் கருகிவிட்டது. புது இடத்தில் தண்ணீர் ஆழம், சின்னப் பிள்ளைகளை இறக்க முடியவில்லை. அதற்கென்று மேற்குக் கரையில் ஒரு படித்துறை வெட்ட அவள் அடுத்த நாளே அதிகாரியிடம் சண்டை பிடிக்கத் தொடங்கினாள். அது பின்னால் நடந்த கதை.

அன்று மதியம் முதல் மண் லாரி மூலைக்கு வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். கரை முழுக்க ஆட்களும் வாளியுமாக இருப்பதைக் கண்டு இன்ஜினை அணைத்தார்.

"கொட்டலாமா, இன்னும் இருக்கா?"

அவள் காலியான குட்டைக்குள் இன்னொரு முறை இறங்கினாள். அடிச்சேற்றைக் கையால் கிளறிப் பார்த்தாள். ஒரு தலைப்பிரட்டை மிச்சம் இருந்தது. அதை உள்ளங்கைத் தண்ணீரோடு ஏந்தி வந்து மகளின் வாளியில் விட்டாள். பிறகு மேலே ஏறி வந்து லாரிக்கு முன்னால் நின்றாள்.

"கொ... கொ..."

டிரைவர் கதவில் கையை ஊன்றிக் காத்திருந்தார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"கொட்டுங்க" என்றாள்.

முதல் லோடு இறங்குவதை நின்று பார்த்தாள். தூசி அடங்கியதும், கைச்சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுகரையைப் பார்த்து நடந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு வகுப்பு அங்கே வந்து இறங்கியிருந்தது.